தகப்பன்மார் சொல்லாத உபாதை



சர்க்கரை வியாதியைப் பற்றி நாம் ஆராதனை முடிந்தவுடன் வாசலில் நின்றே பேசிக்கொள்ளுகிறோம். இரத்த அழுத்தத்தின் அளவை எண்களோடு சொல்லுகிறோம். முழங்கால் வலிக்காக ஜெபிக்கும்படி எல்லார் முன்பாகவும் கேட்டுக்கொள்ளுகிறோம். ஆனால் சிறுநீர் கழிப்பதில் உண்டாகும் தடையைப் பற்றி மட்டும் நம்முடைய தகப்பன்மார் வாய் திறப்பதில்லை. மனைவியிடத்திலும் சொல்லுவதில்லை, மகனிடத்திலும் சொல்லுவதில்லை.

சொல்லாவிட்டாலும் அது வெளியே தெரிகிறது. ஆராதனையில் எப்போதும் வாசலோரத்து நாற்காலியையே தேடுகிறவர், முழு இரவு ஜெபத்துக்கு வருவதை ஒவ்வொரு மாதமும் ஏதோ காரணம் சொல்லித் தவிர்க்கிறவர், ஊருக்குப் போகும் இரயிலில் கழிப்பறைக்கு அருகான இடத்தையே கேட்கிறவர், வெளியே புறப்படும் நாளில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறவர் என்று நம்முடைய சபைகளில் பலர் உண்டு. இவர்களில் அநேகருக்கு புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கக்கூடும். இது வயது முதிரும்போது ஆண்களுக்குப் பொதுவாக வருகிறது. நல்ல மருத்துவமும் இதற்கு உண்டு. அதை மறைத்து வைப்பதினாலேயே பெரும்பாலான கேடு விளைகிறது. ஆகையால் இதைக் கூச்சமில்லாமல் அறிந்துகொள்ளுவோம்.

சுரப்பியும் அதன் வளர்ச்சியும்

புராஸ்டேட் என்பது ஆண்களுக்கு மாத்திரம் உள்ள ஒரு சிறு சுரப்பி. வாலிப வயதில் அது ஓர் அக்ரூட் கொட்டையின் அளவிலும், ஏறக்குறைய 20 கிராம் எடையிலும் இருக்கும். சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே, மலக்குடலுக்கு முன்பாக அது அமைந்திருக்கிறது. விந்துவோடு சேரும் நீரின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. சிறுநீர் வெளியேறும் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே புகுந்து செல்லுகிறது. உபாதைக்கெல்லாம் காரணம் இந்த அமைப்பே. சுரப்பி பருக்கும்போது நடுவே செல்லும் குழாய் நெருக்கப்படுகிறது. தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் இரப்பர் குழாயைக் காலால் மிதித்தால் நீரின் வேகம் குறைவதுபோல, சிறுநீரின் வேகமும் குறைகிறது.

51 முதல் 60 வயதுக்குட்பட்ட ஆண்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கும், 80 வயதைத் தாண்டியவர்களில் 90 சதவீதம் பேர் வரைக்கும் இந்த வளர்ச்சி காணப்படுகிறது. எல்லாருக்கும் அது தொந்தரவு தருவதில்லை. சுரப்பி மிகவும் பெரிதாயிருந்தும் உபாதையில்லாதவர்கள் உண்டு. சிறிதாகவே வளர்ந்தும் அதிகம் துன்பப்படுகிறவர்களும் உண்டு. ஆகையால் ஸ்கேன் அறிக்கையில் கண்ட அளவை மட்டும் பார்த்துப் பயப்படவேண்டாம்.

இந்த வளர்ச்சிக்கு ஆண்களின் ஹார்மோனே அடிப்படை. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஹார்மோனை ஒரு நொதி இன்னும் வலிமையுள்ள வேறொரு ஹார்மோனாக மாற்றுகிறது. அதுவே சுரப்பியை வளரச் செய்கிறது. டொமினிக்கன் குடியரசு என்னும் தீவு நாட்டில், இந்த நொதி பிறவியிலேயே குறைவாயிருந்த சில குடும்பங்களைக் குறித்த ஆராய்ச்சி 1974-ஆம் ஆண்டு வெளியானது. அந்த ஆண்களுக்குப் புராஸ்டேட் சுரப்பி சிறியதாகவே இருந்தது. அந்தக் கண்டுபிடிப்பைப் பின்பற்றி உண்டாக்கப்பட்ட ஃபினாஸ்டிரைடு என்னும் மாத்திரைக்கு 1992-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று நம்முடைய தெருமுனை மருந்துக்கடையிலும் அது கிடைக்கிறது.

உங்களை நீங்களே கேட்கவேண்டிய ஏழு கேள்விகள்

மருத்துவர்கள் இந்த உபாதையை அளக்க ஏழு கேள்விகளை உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். அவற்றின் கருத்தை என் வார்த்தைகளில் தருகிறேன். கடந்த ஒரு மாதத்தை நினைத்துப் பாருங்கள்.

சிறுநீர் கழித்த பிறகும் முழுவதும் வெளியேறவில்லை என்ற உணர்வு இருக்கிறதா? இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடியும் போகவேண்டியிருக்கிறதா? நடுவில் நின்று நின்று வருகிறதா? வந்துவிட்டால் அடக்கமுடியாத அவசரம் உண்டாகிறதா? நீர் மெலிந்து, வேகமில்லாமல் விழுகிறதா? தொடங்குவதற்கு முக்கவேண்டியிருக்கிறதா? படுத்த பின் எழுந்திருக்கும்வரை எத்தனை முறை எழும்புகிறீர்கள்?

ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 35. ஏழு வரை இருந்தால் இலேசானது. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20-ஓ அதற்கு மேலோ இருந்தால் கடுமையானது. ஒரு தாளில் உங்கள் பதில்களை எழுதி மருத்துவரிடம் கொண்டுபோங்கள். மும்பையிலும் புனேயிலும் டெல்லியிலும் வாழும் நம்முடைய பெரியவர்கள், மருத்துவரிடம் இந்தியில் இதை விளக்க முடியாமலே திரும்பிவிடுகிறார்கள். "பேஷாப்" என்ற ஒரு வார்த்தையும் கையில் இந்தத் தாளும் இருந்தால் போதும்; மீதியை மருத்துவரே கேட்டுக்கொள்ளுவார்.

இரவில் அடிக்கடி எழும்புவதற்கு வேறு காரணங்களும் உண்டு என்பதை மறக்கவேண்டாம். கட்டுப்படாத சர்க்கரை வியாதி, இருதய பெலவீனத்தினால் வரும் கால் வீக்கம், மாலையில் விழுங்கும் நீர் பிரியும் மாத்திரை, படுக்கும் முன் குடிக்கும் காப்பி ஆகியவையும் அப்படிச் செய்யும். ஆகையால் நீங்களே முடிவு செய்து பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரையை வாங்கி விழுங்காதிருங்கள்.

இது புற்றுநோயா?

அநேகர் மருத்துவரிடம் போகாததற்கு இந்தப் பயமே காரணம். தெளிவாகச் சொல்லுகிறேன்: வயதினால் வரும் இந்த வீக்கம் புற்றுநோய் அல்ல, அது புற்றுநோயாக மாறுவதும் இல்லை. வீக்கம் பெரும்பாலும் குழாயைச் சுற்றியுள்ள உட்பகுதியில் உண்டாகிறது. புற்றுநோயோ பெரும்பாலும் சுரப்பியின் வெளிப்பகுதியில் தொடங்குகிறது. ஆனாலும் ஒரே மனிதனுக்கு இரண்டும் இருக்கக்கூடும். ஆகவேதான் பரிசோதனை அவசியமாகிறது.

பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையின் அளவு 4-க்கு மேற்பட்டால் மருத்துவர்கள் வழக்கமாகக் கவனிக்கிறார்கள். ஆனால் சாதாரண வீக்கத்தினாலும், நீர்த்தாரைத் தொற்றினாலும், டியூப் போட்டிருந்தாலும் அந்த அளவு உயரும். எண் உயர்ந்தவுடன் குடும்பம் முழுவதும் கலங்கவேண்டியதில்லை. மேற்கொண்டு விசாரிக்க அது ஒரு அடையாளம் மாத்திரமே. சிறுநீரில் இரத்தம் கண்டால் மட்டும், வலியில்லாவிட்டாலும், ஒரு முறைதான் வந்ததென்றாலும், தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

மறைத்து வைத்தால் வரும் கேடு

தடையை எதிர்த்துத் தள்ளித் தள்ளிச் சிறுநீர்ப்பையின் தசை முதலில் தடிக்கிறது, பின்பு சோர்ந்துபோகிறது. உள்ளே நீர் தங்குகிறது. தங்கிய நீரில் தொற்று உண்டாகிறது. சிலருக்குக் கல் உண்டாகிறது. கடைசியில் அந்த நீரின் அழுத்தம் மேலே ஏறிச் சிறுநீரகங்களையே கெடுக்கிறது.

இரண்டு ஆபத்துகளை வீட்டார் எல்லாரும் அறிந்திருக்கவேண்டும். முதலாவது, திடீரென்று நீர் முற்றிலும் அடைத்துக்கொள்ளுதல். அடிவயிறு கல்லைப்போல உப்பி, தாங்கமுடியாத வேதனை உண்டாகும். ஒரு துளியும் வராது. இப்படிப்பட்ட நேரத்தில் பார்லி தண்ணீரும் இளநீரும் கொடுத்துக் காத்திருப்பது நம்மிடத்தில் உள்ள பழக்கம். அடைத்திருக்கும் பானையில் மேலும் நீர் ஊற்றுவதற்கு அது ஒப்பாகும். விடியட்டும் என்று காத்திராமல் அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். டியூப் போட்டுச் சில நிமிடங்களில் நிவாரணம் கொடுப்பார்கள்.

இரண்டாவது ஆபத்து வேதனையில்லாமல் வருகிறது. மாதக்கணக்கில் உள்ளே நீர் தேங்கி, நிரம்பிய தொட்டியைப்போலத் துளித்துளியாக வழிகிறது. பெரியவர் இரவில் படுக்கையை நனைத்துவிடுகிறார். "வயதாகிவிட்டது" என்று வீட்டார் சகித்துக்கொள்ளுகிறார்கள். அவரோ வெட்கத்தினால் ஒடுங்கிப்போகிறார். பிரியமானவர்களே, வயது சென்ற ஆண் படுக்கையை நனைக்கத் தொடங்கினால் அது உடனே மருத்துவரிடம் காட்டவேண்டிய அடையாளம். சிறுநீரகங்கள் வலியில்லாமலே கெட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

பரிசோதனையில் என்ன நடக்கும்?

பார்க்கவேண்டியவர் யூராலஜிஸ்ட் எனப்படும் சிறுநீரியல் மருத்துவர். கையுறை அணிந்து, ஆசனவாய் வழியாக விரலினால் சுரப்பியைத் தொட்டுப் பார்ப்பார். அநேகர் அஞ்சுவது இதற்கே. அது ஒரு நிமிடம்கூட ஆகாது. சுரப்பியின் அளவும், அதில் கட்டி ஏதும் உண்டா என்பதும் அதினால் தெரியும். சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனை, அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் ஆகியவற்றையும் எழுதிக்கொடுப்பார். ஸ்கேனில், நீர் கழித்த பிறகு உள்ளே எவ்வளவு தங்குகிறது என்பதையும் அளப்பார்கள். சில இடங்களில் ஒரு கருவியில் நீர் கழிக்கச் சொல்லி வேகத்தைப் பதிவு செய்வார்கள். நொடிக்கு 10 மில்லிலிட்டருக்குக் குறைவாக இருந்தால் தடை இருக்கலாம் என்று கருதுவார்கள்.

செலவை நினைத்துத் தயங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மும்பையில் கே.இ.எம்., சயான், நாயர் மருத்துவமனைகளிலும், டெல்லியில் எய்ம்ஸ், சஃப்தர்ஜங் மருத்துவமனைகளிலும் இதற்கென்று தனிப் பிரிவுகள் உண்டு. 2018-இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்ச ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சை அளிக்கிறது. 2024-ஆம் ஆண்டு அது வருமான வரம்பில்லாமல் 70 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு விரிவாக்கப்பட்டது. உங்கள் தகப்பனாரின் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு, நீங்கள் குடியிருக்கும் இடத்தில் விசாரித்துப் பாருங்கள். மக்கள் மருந்தகங்களில் இதற்கான மாத்திரைகளும் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

மாத்திரைகள்

இலேசான தொந்தரவுள்ளவர்களுக்கு மருந்தே தேவைப்படாமல் போகலாம். பழக்கங்களைத் திருத்திக்கொண்டு ஆண்டுக்கொருமுறை பரிசோதித்தால் போதும்.

மருந்துகளில் இரண்டு வகை முக்கியமானவை. டாம்சுலோசின், அல்ஃபுசோசின், சைலோடோசின் போன்றவை குழாயைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தி வழி திறக்கின்றன. சில நாட்களிலிருந்து சில வாரங்களுக்குள் பலன் தெரியும். ஆனால் சுரப்பி சுருங்குவதில்லை. ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு ஆகியவை பெரிய சுரப்பியை மெதுவாகச் சுருக்குகின்றன. முழுப் பலன் தெரிய ஆறு மாதம் பொறுத்திருக்கவேண்டும். 2003-இல் வெளியான ஒரு பெரிய ஆராய்ச்சியில் 3,047 ஆண்களைச் சராசரியாக நாலரை ஆண்டுகள் கவனித்தார்கள். இரண்டு வகை மருந்துகளையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு உபாதை முற்றும் அபாயம், மருந்தில்லாத வெறும் மாத்திரை எடுத்தவர்களைவிட 66 சதவீதம் குறைந்திருந்தது. யாருக்கு ஒன்று போதும், யாருக்கு இரண்டும் வேண்டும் என்பதை மருத்துவரே தீர்மானிக்கவேண்டும்.

இந்த மருந்துகளை எடுப்போர் சில காரியங்களை நினைவில் வைக்கவேண்டும். முதல் வகை மருந்து எழுந்து நிற்கும்போது தலைச்சுற்றலை உண்டாக்கும். மச்சில் படுத்து இரவில் ஏணி இறங்குகிறவர்களும், இருட்டில் பொதுக் கழிப்பறைக்கு நடந்து போகிறவர்களும் படுக்கையின் விளிம்பில் ஒரு நிமிடம் அமர்ந்து பின்பு எழும்புங்கள். கண்புரை அறுவை சிகிச்சைக்குப் போகுமுன், டாம்சுலோசின் போன்ற மருந்து எடுத்ததை, நிறுத்தியிருந்தாலும்கூட, கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது கண்ணின் கருவிழிப்படலத்தைத் தளரச் செய்வதினால் அவர் முன்னெச்சரிக்கையாக இருக்கவேண்டும். இரண்டாம் வகை மருந்து பி.எஸ்.ஏ. அளவை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்துக் காட்டும். பரிசோதிக்கும் மருத்துவருக்கு அது தெரியவேண்டும். கர்ப்பிணியான மகளோ மருமகளோ அந்த மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கக்கூடாது. தாம்பத்திய உறவில் சிலருக்குச் சில மாற்றங்கள் உண்டாகலாம். அதைக் குறித்து மருத்துவரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூலிகை மாத்திரை விளம்பரங்களைக் கண்டு பணத்தை இழக்கிறவர்கள் உண்டு. மேல்நாடுகளில் புகழ்பெற்ற சா பால்மெட்டோ என்னும் பனைவகைச் செடியின் சாரத்தை 225 ஆண்களிடத்தில் ஓராண்டு சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். வெறும் மாத்திரையைக் காட்டிலும் அதினால் யாதொரு நன்மையும் காணப்படவில்லை.

அறுவை சிகிச்சை

நீர் அடைத்து, டியூபை எடுத்த பின்னும் போகமுடியாதவர்கள், சிறுநீரகம் கெடத் தொடங்கியவர்கள், கல்லோ மீண்டும் மீண்டும் தொற்றோ வருகிறவர்கள், மருந்தினால் பலன் காணாதவர்கள் ஆகியோருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படும். இந்தியாவில் ஆங்கில அரசின் மருத்துவப் பணியில் சுமார் 20 ஆண்டுகள் இருந்து திரும்பிய பீட்டர் ஃபிரேயர் என்ற ஐரிஷ் மருத்துவர், 1900-ஆம் ஆண்டு இலண்டனில் வயிற்றைத் திறந்து இந்தச் சுரப்பியின் வீக்கத்தை எடுத்துப் புகழ்பெற்றார். இன்று பெரும்பாலானோருக்கு வயிற்றைக் கீறுவதே இல்லை. முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, நீர்த்தாரை வழியாகவே கருவியைச் செலுத்தி, அடைக்கும் சதையைச் சீவி எடுக்கிறார்கள். லேசர் முறையும் பெரிய நகரங்களில் உண்டு. வழக்கமாகச் சில நாட்கள் டியூப் இருக்கும். எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள்.

வீடு திரும்பிய பின் சில வாரங்கள் பாரம் தூக்கவேண்டாம். மலச்சிக்கல் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுமார் இரண்டு வாரங்களில் புண்ணின் பொருக்கு உதிரும்போது சிறிது இரத்தம் தோன்றலாம். அது நிற்காவிட்டாலோ கட்டியாக வந்தாலோ உடனே காட்டுங்கள். அநேக ஆண்களுக்குத் தாம்பத்திய பெலன் குறைவதில்லை. ஆனால் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் சென்றுவிடும். இதினால் கெடுதியில்லை. முன்னமே அறிந்திருந்தால் கணவனும் மனைவியும் கலங்கமாட்டார்கள்.

வீட்டில் கைக்கொள்ளவேண்டியவை

பகலில் தண்ணீரைக் குறைக்காதிருங்கள். படுப்பதற்கு இரண்டு மூன்று மணி நேரத்துக்கு முன் நிறுத்திக்கொள்ளுங்கள். மாலைக்குப் பின் காப்பியும் தேநீரும் வேண்டாம். நீர் கழித்தபின் சற்றுப் பொறுத்து மறுபடியும் ஒருமுறை முயன்றால் தங்கிய நீரும் வெளியேறும். இரயிலிலும் பேருந்திலும் மணிக்கணக்கில் அடக்கி வைக்காதிருங்கள்.

சளி, மூக்கடைப்புக்காக மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளில் எச்சரிக்கையாயிருங்கள். அவற்றில் பலவற்றில் உள்ள ஃபினைலெஃப்ரின், குளோர்ஃபெனிரமின் போன்றவை சிறுநீர் வழியை இறுக்கவும், பையின் தசையைச் சோர்வடையச் செய்யவும் கூடும். ஏற்கெனவே தடையுள்ளவருக்கு ஒரு சளி மாத்திரையே முழு அடைப்பை வருவித்துவிடலாம். "எனக்குப் புராஸ்டேட் தொந்தரவு உண்டு" என்று கடைக்காரரிடம் சொல்லிக் கேளுங்கள்.

உபவாசிக்கிறவர்களுக்கு ஒரு குறிப்பு. டாம்சுலோசினை ஒவ்வொரு நாளும் ஒரே வேளை உணவுக்குப் பின் எடுப்பது முறை. வெறும் வயிற்றில் எடுத்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு உயர்ந்து தலைச்சுற்றல் அதிகமாகலாம். உபவாச நாளில் எப்போது எடுப்பதென்று மருத்துவரிடம் முன்னமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதேயுங்கள்.

ஜெபமும் மருந்தும்

மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு என்று எண்ணி வருத்தப்படுகிற மூத்த சகோதரர்கள் நம்மிடத்தில் உண்டு. அப்போஸ்தலனாகிய பவுலின் உடன் ஊழியக்காரனாகிய லூக்கா ஒரு வைத்தியனாயிருந்தான். எசேக்கியா ராஜாவின் பிளவைக்கு அத்திப்பழ அடையைப் பற்றுப்போடச் சொன்னவன் ஏசாயா தீர்க்கதரிசியே. ஜெபித்துக்கொண்டே பரிசோதனைக்குப் போங்கள். சுகமடைந்துவிட்டதாக உணர்ந்தாலும், நீர் தங்குகிறதா என்பதை ஸ்கேனில் பார்த்து, மருத்துவர் சொன்ன பின்பே மாத்திரையை நிறுத்துங்கள்.

மனைவிமாருக்கும் பிள்ளைகளுக்கும்

தாராவியின் ஒற்றை அறை வீட்டில் மகனோடும் மருமகளோடும் பேரப்பிள்ளைகளோடும் தங்கியிருக்கும் தகப்பனார் ஒருவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். இரவில் நான்கு முறை எழுந்தால் பிள்ளைகளின் தூக்கம் கலையுமே என்று நினைக்கிறார். பொதுக் கழிப்பறைக்குப் போகும் வழியோ இருட்டு. ஆகையால் சாயங்காலம் முதல் தண்ணீரை விட்டுவிடுகிறார், வருவதையும் அடக்கிக்கொள்ளுகிறார். ஊருக்கே திரும்பிப் போய்விடுகிறேன் என்கிறார். பிள்ளைகளோ அவருக்குப் பட்டணம் பிடிக்கவில்லை என்று எண்ணிக்கொள்ளுகிறார்கள்.

மகன்மாரே, உங்கள் தகப்பனாரைத் தனியே அழைத்துக் கேளுங்கள். "அப்பா, ராத்திரியிலே எத்தனை தடவை எழும்புறீங்க?" என்ற ஒரு கேள்வி போதும். மருமகன்களும் கேட்கலாம். மனைவிமாரே, நீங்கள் முதலில் அறிகிறவர்கள். பொறுத்துக்கொள்ளுவதோடு நிறுத்திவிடாமல் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அவருடைய படுக்கையைக் கதவண்டை மாற்றுங்கள். வழியில் சிறு விளக்கு எரியட்டும். வெளியே போகமுடியாத இரவுகளுக்கு ஒரு மூடியுள்ள பாத்திரத்தை அருகில் வையுங்கள். பரிசோதனைக்குப் போகும் நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே செல்லுங்கள்.

தகப்பன்மாரே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. குடும்பத்தின் பாரங்களையெல்லாம் வெளியே சொல்லாமல் சுமந்து பழகியவர்கள் நீங்கள். இந்தப் பாரத்தை அப்படிச் சுமக்கவேண்டாம். இந்த வாரத்திலேயே ஏழு கேள்விகளுக்கும் ஒரு தாளில் பதில் எழுதுங்கள். அதை உங்கள் மகன் கையிலே கொடுங்கள்.